வத்தையில் போட்ட துளை

எஞ்சினை வத்தைக்கு வெளியே தொங்கவிடுவதா, உள்ளே உட்கார வைப்பதா என்று ஒரு மாசி மாதம் முழுக்க நாங்கள் இரண்டு பேர் மல்லுக்கட்டினோம். இரண்டு பேர் என்றால் நானும், உச்சிப்புளிக்கு வடக்கே கடற்கரையில் வத்தை என்கிற பாய்ப்படகு ஒன்றை வைத்து மீன்பிடித்துக்கொண்டிருந்த அண்ணனும். உடன்பிறந்த அண்ணன் இல்லை. அறுவடை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து கருவாடு கொடுத்துவிட்டு நெல் அளந்து வாங்கிப் போகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் மூச்சுவிடாமல் அரைமணி நேரம் பேசுவேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி தம்பி" என்றோ "வேணாம் தம்பி" என்றோ ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்கலாம். ஊரே கேட்டது. சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த அந்தச் சமயத்தில், எங்கள் பக்கம் தொடர்ந்து இரண்டு வருஷம் மழை பொய்த்துவிட்டது. கண்மாயில் ஆடு மேய்ந்தது. எங்கள் கிணறு வற்றி, என் அப்பா, அதாவது அய்யா, ஆசையாக வாங்கி வைத்திருந்த ஆயில் எஞ்சின் கொட்டகைக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. அந்த எஞ்சினை ஓட்டுவது, துடைப்பது, பிரித்துப் போடுவது எல்லாம் என் வேலை. வேலை இல்லாமல் போனதும் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. காலையில் எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. வீட்டில் உட்கார்ந்தால் சுவர் நெருக்கும். சைக்கிளை எடுத்துக்கொண்டு போவேன், போன இடத்தில் கால்மணி நேரம் தரிக்கமாட்டேன், திரும்பி வருவேன். "ஏலே, உன் காலுல என்ன வெந்நியா ஊத்திருக்கு" என்று அய்யா கேட்பார்.

அப்படிச் சுற்றித் திரிந்த ஒரு நாளில்தான் அண்ணன் கூடை நிறைய நல்ல மீனை மணலில் கொட்டி, வயிற்றைக் கீறி உப்புப் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். மீனை மண்டபம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஐஸ் பெட்டியில் அடைத்து மதியத்து ரயிலில் ஏற்றிவிட்டால் மதுரையில் நல்ல விலை. ஆனால் காற்று விழுந்துவிட்டால் பாய் தொங்கிப்போகும், வத்தை நகராது, ரயில் போய்விடும், மீன் கருவாடாகும். வாரத்தில் மூன்று நாள் இதே கதை. அவர் அதைச் சலிப்பே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் கேட்கப் பொறுக்கவில்லை. ரயில் புறப்படும் நேரம் தெரியும், மீன் கையில் இருக்கிறது, காற்று வரட்டும் என்று ஒரு மனுஷன் கடலில் உட்கார்ந்திருப்பதாவது.

"எஞ்சின் வச்சா என்னண்ணே?" என்றேன்.

கையைக் கழுவிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உள்ள வைக்கிற எஞ்சின்னா வேணாம் தம்பி."

காரணம் பிறகுதான் விளங்கியது. எஞ்சினை உள்ளே வைத்தால், அது சுழற்றும் இரும்புத் தண்டு வத்தையின் பின்கட்டை வழியாக வெளியே போய்த்தான் தண்ணீருக்குள் விசிறியைச் சுற்ற வேண்டும். அதற்குப் பின்கட்டையில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஒரு துளை போட வேண்டும். அந்த வத்தை அவருடைய கல்யாணத்துக்கு முன்பே அவரும் அவர் தகப்பனாரும் பலகை பலகையாகச் சேர்த்துக் கட்டியது. அவருக்கிருந்த சொத்து அது ஒன்றுதான். "ஒரு தடவ துளை போட்டா போட்டதுதான்" என்றார். "எஞ்சின மாத்தலாம். கட்டைய மாத்த முடியாது."

இன்னொரு காரணமும் சொன்னார். எங்கள் வடகடலில் கரையிலிருந்து ஒரு பர்லாங் தூரம் போனாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் இருக்காது. அடியில் விசிறி நீட்டிக்கொண்டிருந்தால் வத்தை கரைக்கு வரவே வராது, மணலில் குத்தி நிற்கும்.

அந்த மாசியில் மதுரையிலிருந்து ஓர் எஞ்சின் ஏஜென்ட் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்பலகையில் மாட்டித் தொங்கவிடும் எஞ்சின் அவரிடம் இருந்தது. ஓர் ஆள் தூக்கிவிடலாம். துளை வேண்டாம். ஆழமில்லாத இடம் வந்தால் எஞ்சினை அப்படியே சாய்த்துத் தூக்கிவிடலாம். அவர் தூக்கிக் காட்டியபோது அண்ணன் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். பெட்ரோல் குடிக்கும், உப்புத் தண்ணீரில் சீக்கிரம் அரித்துப்போகும், டீசல் எஞ்சின் மாதிரி மாடாக உழைக்காது என்று நானே குறைகளையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். "துளை வேணாம்ல? அப்ப சரி தம்பி."

ஏஜென்ட் நல்ல மனுஷர். ஒரு வாரம் வைத்து ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் பேசலாம் என்றார். எப்படி ஓட்ட வேண்டும் என்று என்னவோ விளக்க ஆரம்பித்தார். நான்தான் குறுக்கே விழுந்தேன். "எஞ்சினப் பத்தி எனக்குச் சொல்ல வேணாங்க. ஆறு வருஷமா எஞ்சினோடதான் கெடக்கேன்." அவர் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். இந்த வாய் மட்டும் அன்றைக்கு மூடியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மறுநாள் காலையில் எஞ்சினைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். நான் அதற்குள் மாட்டுவண்டியில் ஏற்றி எங்கள் ஊருக்குக் கொண்டுபோனேன். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மாடு வாங்கினால் விலை பேசுவதற்கு முன்னால் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவோம். ஊர் கூடிச் சுழி பார்க்கும், பல்லைப் பிடித்துப் பார்க்கும், நடக்கவிட்டுப் பார்க்கும். அப்புறம்தான் ஏரில் பூட்டுவது. எஞ்சினை மட்டும் எப்படிப் பார்க்காமல் விடுவது? அதுவும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தவன் ஒரு காரியம் செய்திருக்கிறேன் என்று அய்யாவுக்குக் காட்ட வேண்டாமா?

மாட்டை அவிழ்த்துவிட்டு, வண்டியின் பின்பலகையில் எஞ்சினை மாட்டித் திருகினேன். அய்யா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். "எளங்கன்னு கணக்காத்தான் இருக்கு" என்றார். கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் கோழிகள் வைக்கோற்படப்புக்கு மேல் ஏறிவிட்டன. விசிறி சுற்றிய வேகத்தில் வாசலில் கிடந்த வைக்கோல் கூளமெல்லாம் பறந்து பார்க்க வந்தவர்கள் தலையில் விழுந்தது. வாசலே ஆரவாரம். பக்கத்து வீட்டுப் பெரியப்பா மட்டும் கிட்டே வந்து கத்திக் கேட்டார்: "ஏப்பா, இதுக்குத் தண்ணி எங்கன ஊத்துறது?"

கிணற்று எஞ்சினை நான் ஒருநாளும் தண்ணீர் இல்லாமல் ஓட்டியதில்லை. டிரம்மில் தண்ணீர் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்க்காமல் கைப்பிடியைத் தொடமாட்டேன். எஞ்சின் சூட்டைத் தண்ணீர்தான் ஆற்றும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இதில் டிரம்மும் இல்லை, குழாயும் இல்லை. பெரியப்பாவுக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "இது மோட்டார் சைக்கிள் மாதிரி பெரியப்பா. காத்துலயே ஆறிக்கிடும்" என்றேன். சொன்னதும் எனக்கே அது உண்மையாகிவிட்டது. கால்மணி நேரம் ஓடவிட்டேன். ரப்பர் கருகுவது போல ஒரு வாடை வந்தது. புது எஞ்சின், பெயிண்ட் காய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கடலில் வலையிழுத்து முடித்தபோது வெயில் ஏறி, காற்று அடியோடு விழுந்துவிட்டது. மற்ற வத்தைகளெல்லாம் பாயைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றன. நாங்கள் எஞ்சின் கயிற்றை இழுத்தோம். அந்தக் கால்மணி நேரத்தை இந்த வயதிலும் மறக்க முடியவில்லை. முன்பக்கம் தூக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் பிளந்துகொண்டு, நின்ற வத்தைகளையெல்லாம் தாண்டிப் போனோம். என் வாழ்நாளில் முதல் தடவையாக எனக்குப் போதுமான வேகத்தில் ஏதோ ஒன்று போனது. அண்ணன் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்புறம் எஞ்சின் திணறியது. தொட்டால் கை கொப்பளிக்கும் சூடு. ஒரு தரம் இருமிவிட்டு நின்றது. கயிற்றை இழுத்து இழுத்து என் உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம். கரைப்பக்கமிருந்து ரயில் ஊதும் சத்தம் கேட்டது. சாயங்காலம் காற்று வந்த பிறகு, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போன மற்ற வத்தைகளுக்குப் பின்னால், பாய் போட்டுக் கரை வந்து சேர்ந்தோம். அண்ணன் உட்கார்ந்து அத்தனை மீனுக்கும் உப்புப் போட்டார்.

ஏஜென்ட் ஒரு மெக்கானிக்கோடு வந்து எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிரித்தார். உள்ளே கடல் தண்ணீரை உறிஞ்சி எஞ்சினுக்கு அனுப்பும் சின்ன ரப்பர் சக்கரம் ஒன்று இருந்தது. அதன் இதழெல்லாம் தேய்ந்து கருகித் தூளாகிக் கிடந்தது. விசிறி தண்ணீருக்குள் இருந்தால்தான் அதுவும் தண்ணீருக்குள் இருக்கும். மெக்கானிக் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தண்ணிக்கு வெளிய வச்சு ஓட்டுனீங்களா?"

அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆறு வருஷமாக எஞ்சினோடு கிடக்கிறேன் என்று அவர் எதிரில்தான் பெருமை அடித்திருந்தேன்.

"இல்லையே" என்றேன்.

மெக்கானிக் தோளைக் குலுக்கிக்கொண்டார். வேறு ரப்பர் போட்டால் ஓடும், பத்து நாளில் வந்துவிடும் என்றார் ஏஜென்ட். அண்ணன் தலையை ஆட்டிவிட்டார். "காரணமே இல்லாம நடுக்கடல்ல நிக்குற எஞ்சின் வேணாங்க. எம்பின்னால வலையிழுக்க ரெண்டு ஆளு வாராங்க, அவங்க பிள்ளகுட்டிக்கு யாரு பதில் சொல்றது." அவர்கள் எஞ்சினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். 'நான்தான் வண்டியில வச்சு ஓட்டுனேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் அதற்குப் பதிலாக மூன்று நாள் தூங்காமல் புரண்டுவிட்டு, நான்காம் நாள் சைக்கிளில் போய் இன்னொன்றைச் சொன்னேன். "அண்ணே, எங்க கெணத்து எஞ்சின் சும்மா கெடக்கு. அத வத்தைக்குள்ள வைப்போம். அது நிக்கவே நிக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

அவர் வத்தையின் பின்கட்டையைப் பார்த்தார். "துளை போடணுமே தம்பி."

"ஆமாண்ணே."

"மழ பேஞ்சு ஒங்க கெணறு ஊறுனா?"

"பேஞ்சாலும் எடுக்க மாட்டேன்."

வீட்டில் அய்யாவிடம் வேறு மாதிரி பேசியிருந்தேன். "கெணத்துல தண்ணி ஊறுற வரைக்கும்தான்லே" என்றார் அவர். "அதுக்குள்ள வேற வாங்கிருவோம் அய்யா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். இரண்டு பேரிடமும் இரண்டு பேச்சு. எப்படியாவது ஒன்று நடந்துவிடும் என்று நம்புகிற வயசு.

தூத்துக்குடிப் பட்டறையில் தண்டும் விசிறியும் செய்து வாங்கினோம். மண்டபத்திலிருந்து ஆசாரி வந்தார். வத்தையை மணலில் சாய்த்துவைத்து, பின்கட்டையில் கரியால் ஒரு வட்டம் போட்டார். அண்ணன் மனைவி வாசலில் நின்று எனக்குக் கேட்கும்படியே சொன்னது: "வயித்துல ஓட்டையப் போட்டுட்டு அப்புறம் என்னத்தக் கடல்ல விடுறது." துரப்பணம் கட்டைக்குள் இறங்க ஆரம்பித்ததும் அண்ணன் எழுந்து தண்ணீர் ஓரமாகப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்த பிறகு வந்து, அந்தத் துளைக்குள் கையை விட்டுப் பார்த்தார். கீழே, எஞ்சின் உட்கார அளவுக்கு வெட்டிய கட்டையில் மிஞ்சிய துண்டு ஒன்று கிடந்தது. "ஆசாரி, அதக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டார்.

"எதுக்குண்ணே?"

"கெடக்கட்டும்."

எஞ்சின் உட்கார்ந்த இடத்தில் பாய்மரத்துக்கு இடமில்லை. மரத்தைப் பிடுங்கிக் குடிசை ஓரம் சாய்த்துவைத்தார். பாயை உதறிக் காயவைத்து, மடித்து, பரணில் ஏற்றினார். "இன்னும் எதுக்குண்ணே அது, கூடாரம் போடவா?" என்று கிண்டல் செய்தேன். சிரித்துக்கொண்டார்.

அந்த எஞ்சின் நிற்கவே இல்லை. அதை மட்டும் சொல்லியாக வேண்டும். 'தட் தட்' என்று ஊருக்கே கேட்கும்படி அடித்துக்கொண்டு, காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்களை மண்டபத்துக்குக் கொண்டுபோனது. முதல் எஞ்சின் காட்டிய வேகம் இல்லை. அது எனக்குக் கடைசிவரை குறைதான். ஆனாலும் வாரத்தில் ஆறு நாள் ரயிலைப் பிடித்தோம். அண்ணன் குடிசைக்குக் கீற்று மாற்றினார், மகளுக்குக் காது குத்தினார்.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்கு ஒத்துவரவில்லை. தண்டு வெளியே போகும் துளையில் மெழுகு தோய்த்த பருத்திக் கயிற்றைச் சுற்றி இறுக்கியிருந்தேன். அதை முழுக்க இறுக்கக்கூடாது. சொட்டுச் சொட்டாக ஒழுகினால்தான் தண்டு சூடேறாது. கிணற்றுப் பம்பிலும் அப்படித்தான். "ஒழுகணும்ணே, அதுதான் சரி" என்பேன். "கடல உள்ள விடுறதுக்கா எஞ்சின் வச்சோம்" என்பார். அந்தச் சொட்டுக்கு அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்து, நிறைய நிறைய எடுத்து வெளியே ஊற்றிக்கொண்டே வருவார். எஞ்சின் போகும் வேகத்தைப் பார்க்கமாட்டார். சிரட்டையைத்தான் பார்ப்பார்.

அவர் பயந்தது போலவே வத்தை கரைக்கு வராது. மார்பளவு தண்ணீரில் நிறுத்திவிட்டு, வலையையும் சாமானையும் தலையில் வைத்து நடக்க வேண்டும். அப்படி நடந்து வரும்போது ஒருநாள் சொன்னார்: "அந்த வெளி எஞ்சின் மட்டும் நல்லதா அமைஞ்சிருந்தா, தூக்கிக்கிட்டு வீட்டு வாசலுக்கே வந்திருக்கலாம் தம்பி." குத்திக்காட்டவில்லை, சும்மாதான் சொன்னார். கூடையை இன்னும் வேகமாகச் சுமந்துகொண்டு முன்னால் போய்விட்டேன்.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஊரே வயலில் இறங்கியது. அய்யாவும் விதைத்தார். நான் ஒரு கால் வயலில், ஒரு கால் கடலில் என்று திரிந்தேன். கார்த்திகை பாதியில் மழை சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டது. அய்யா மூன்று தடவை ஆள் அனுப்பினார். மூன்று தடவையும் 'வாரேன்' என்று சொல்லி அனுப்பினேன். வேறு எஞ்சின் வாங்குவது பற்றி யாரும் பேசவில்லை. மார்கழியில் ஒரு காலை அவரே மாட்டுவண்டியைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்து இறங்கினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"பயிரு பொதி கட்டி நிக்குதுலே, கதிரு வாங்குற நேரம். கெணத்துல தண்ணி கை எட்டுற தூரத்துல கெடக்கு. எறைக்கத்தான் ஒண்ணுமில்ல."

"பத்து நாள் பொறுங்கய்யா."

"நான் பொறுப்பேன். பயிரு பொறுக்குமா?"

நான் மணலில் முன்னும் பின்னுமாக நடந்தேன். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், இந்தப் பக்கம் வந்து பார்த்தேன். எங்கள் வயலில் எங்கள் வீட்டுக் கஞ்சி நின்றுகொண்டிருந்தது. இங்கே மூன்று குடும்பத்துக் கஞ்சி. யாராவது என்னைக் கட்டிப்போட்டு ஒரு முடிவைச் சொல்லிவிட்டால் தேவலை போலிருந்தது. அண்ணன் குடிசையிலிருந்து வெளியே வந்தார். அய்யாவைப் பார்த்தார், காலியாக நின்ற வண்டியைப் பார்த்தார்.

"கழட்டு தம்பி" என்றார்.

தண்ணீர் ஏறியிருந்த நேரம் பார்த்து, விசிறியைக் கடலிலேயே கழற்றிவிட்டு, உருட்டுக்கட்டை போட்டு வத்தையைக் கரைக்கு இழுத்தோம். எஞ்சினை நான்தான் கழற்றினேன். அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் அய்யாவும் சேர்ந்து அதை வண்டியில் ஏற்றினார்கள். தண்டை உருவியதும் பின்கட்டையில் அந்தத் துளை மட்டும் நின்றது. அதன் வழியாக மறுபக்கத்து மணல் தெரிந்தது.

அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அந்த வெளி எஞ்சின் இருக்குல்ல, அது..."

"இரு தம்பி" என்று குடிசைக்குள் போனார். வரும்போது கையில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்று இருந்தது. பிரித்தார். ஒரு முனை பருத்து, மறுமுனை சிறுத்து, உருட்டி இழைத்த கட்டை அடைப்பு. எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. ஆசாரியிடம் வாங்கிய அதே துண்டு.

"இது எப்பச் செஞ்சீங்க?"

"துளை போட்ட அன்னைக்கே."

"மழ பேஞ்சாலும் எடுக்க மாட்டேன்னு சொன்னேனே அண்ணே."

"சொன்ன தம்பி" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடைப்பின் மேல் பஞ்சைச் சுற்றிக் குங்கிலியம் பூசி, சிறுத்த முனையைத் துளையின் வாயில் வைத்தார். மரச்சுத்தியலை என் கையில் கொடுத்தார். "நீ வெளியருந்து அடி. நான் உள்ள இருந்து பாக்குறேன்." வத்தைக்குள் ஏறிக் குனிந்துகொண்டார். நான் அடித்தேன். நாலாவது அடியில் அது ஒரு நூல் இடமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது.

"பிடிச்சிருச்சு" என்று உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "என்னமோ சொல்ல வந்தியே தம்பி, வெளி எஞ்சினப் பத்தி?" என்று கேட்டார்.

அய்யா மாட்டைப் பூட்டிவிட்டு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.